வில்லனுக்கு வேலை போட்டுக் கொடுத்த ஊர்

வில்லன்கள் மூன்று பேர், அண்ணன் தம்பிகள். அப்பா தாரகாசுரனை முந்தைய இதழிலேயே முருகன் முடித்துவிட்டதால், பழிவாங்கும் பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழுந்தது. தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி மூவரும் பிரம்மாவைப் பார்த்து தவம் கிடந்து சாகாவரம் கேட்டார்கள். அந்தச் சரக்கு மட்டும் கைவசம் இல்லை என்றார் பிரம்மா. சரி, வேறு மாதிரி எழுதிக்கொடுங்கள் என்று பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பறக்கும் கோட்டை. ஒன்று பொன், ஒன்று வெள்ளி, ஒன்று இரும்பு. மூன்றும் ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒன்று சேரும். அந்தக் கணத்தில், ஒரே அம்பில் மூன்றையும் அடிப்பவனால் மட்டுமே அழிவு.

எவ்வளவு கெட்டிக்கார வில்லனும் பத்திரத்தில் இப்படி ஓர் ஓட்டை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவான். சூப்பர்மேனைச் சாய்க்கும் கிரிப்டானைட் என்ற பச்சைக் கல்லைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் இந்த வித்தையைத் தாங்கள்தான் தொடங்கிவைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். முப்புரம் எரிந்த சங்கதி புறநானூற்றிலேயே வந்துவிட்டது. சூப்பர்மேன் பிறந்தது 1938இல்.

கதை நடந்த இடம் என்று புராணம் அடையாளம் காட்டுவது பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் இருக்கிற திருவதிகையை. சிவன் ஆளை அடித்து நொறுக்கிய எட்டு வீரட்டானங்களில் ஒன்று. இன்றைக்குப் பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பெயர்போன வட்டாரம். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரி எரிகிறது. எரிப்பது இந்தப் பகுதிக்குப் புதுத் தொழில் இல்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

இதில் ஒரு தர்மசங்கடம். வில்லன்கள் மூவரும் ஹீரோவின் ரசிகர் மன்றத்தைச் சேர்ந்தவர்கள். தினமும் சிவபூஜை பண்ணிவிட்டுத்தான் தேவர்கள் தலையில் கோட்டையை இறக்குவார்கள். நம்மாளை எப்படி அடிப்பது என்று சிவன் தயங்கினார். விஷ்ணு ஒரு யோசனை சொன்னார்: உள்ளே ஓர் ஆளை அனுப்பி, உபதேசம் என்ற பெயரில் குழப்பி, மன்றத்தைக் கலைத்துவிடலாம். கலைத்தார்கள். ஆக, இந்தக் கதையில் முதல் தில்லுமுல்லு செய்தது நல்லவர்கள் தரப்பு.

பிறகு வாகனம் தயாரானது. பேட்மேனின் காரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் இந்தத் தேரின் உதிரிபாகப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பூமி, தேர்த்தட்டு. சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். நான்கு வேதங்களும் குதிரைகள். டிரைவர் பிரம்மா; வரம் எழுதிக்கொடுத்த அதே பிரம்மா. மேரு மலை வில். வாசுகிப் பாம்பு நாண். விஷ்ணு அம்பு, அக்கினி அதன் முனை, வாயு அதன் இறகு. பூமியே தேர் என்றால் அந்தத் தேர் எதன்மேல் ஓடியது என்று கேட்கக்கூடாது. காமிக்ஸ் படிக்கிறவன் அப்படிக் கேட்டால் அவனுக்கு அடுத்த இதழை யாரும் இரவல் தரமாட்டார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் அச்சு முறிந்தது. பிள்ளையாருக்குச் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டார்களாம். அப்பாவே ஆனாலும் அனுமதி வாங்காமல் போகமுடியாது என்று பிள்ளை காட்டிவிட்டார். சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் அச்சிறுபாக்கம் என்று பலகை பார்த்திருப்பீர்கள். வண்டி மக்கர் பண்ணிய இடம் அதுதான் என்பது தலபுராணம்.

தேரைச் சரிபண்ணி ஏறினார்கள். இப்போது அடுத்த சிக்கல். அம்பாக இருக்கிறவர் தன்னால்தான் வெற்றி என்று நினைக்கிறார். டிரைவர் தன்னால்தான் என்கிறார். இறகுக்கும் அதே நினைப்பு. பலத்தில் பாதியைக் கொடுத்த மற்ற தேவர்கள் பங்குத்தொகைக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சிவன் இவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மூன்று கோட்டையும் எரிந்து சாம்பல். இவ்வளவு செலவு பண்ணிக் கட்டிய தேர், மேரு வில், வாசுகி நாண் எல்லாம் அப்படியே நிற்கின்றன. அம்பு விடப்படவே இல்லை. இத்தனை பெரிய ஆயுதக் கொள்முதல் ஒருநாளும் பயன்படாமல் போனதற்கு அப்போது தணிக்கை அதிகாரி யாரும் இல்லாதது தேவலோகத்தின் அதிர்ஷ்டம். தேரை வீணாக்கக் கூடாது என்றோ என்னவோ, திருவதிகைக் கோயில் விமானத்தையே தேர் வடிவில் கட்டி, சுதைச் சிற்பங்களால் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

வேறு நாடாக இருந்தால் கதை இங்கே முடிந்து, வில்லன்களின் சாம்பல் காற்றில் பறக்கும் படத்தோடு 'முற்றும்' போட்டிருப்பார்கள். நம் ஊரில் கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் உண்டு. கோட்டைகள் எரிந்தன, மூன்று பேரும் பிழைத்தார்கள். அவர்களில் இருவரைத் தன் கோயிலுக்கு வாயில்காப்போராகவும், ஒருவரைத் தான் ஆடும்போது முழவு வாசிப்பவராகவும் சிவன் வைத்துக்கொண்டார். இதைச் சொல்பவர் சுந்தரர், திருப்புன்கூர்ப் பதிகத்தில். நேற்றுவரை விண்வெளியில் குண்டு போட்டவர்களுக்கு இன்றைக்குக் கோயில் உத்தியோகம். இருவருக்குக் காவல் துறை, ஒருவருக்குக் கலைப் பண்பாட்டுத் துறை. இதைத்தான் திருவதிகை முறை என்கிறேன். அடுத்து வரும் கதைகளிலும் இதே முறைதான்.

இரண்டாவது கதையின் ஹீரோ திருவாமூரில் பிறந்தார். மருள்நீக்கியார் என்று பெயர். அப்பா புகழனார், அம்மா மாதினியார். பெற்றோர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். சூப்பர்மேனுக்கு ஊரே வெடித்துப் போனது, பேட்மேனுக்குப் பெற்றோர் சந்தில் சுடப்பட்டார்கள். அனாதையாகாமல் ஹீரோவாவது எந்த தேசத்திலும் அனுமதிக்கப்படுவதில்லை. அக்கா திலகவதிக்கு நிச்சயம் செய்திருந்த படைத்தலைவர் கலிப்பகையாரும் போரில் இறந்தார். நானும் போகிறேன் என்றார் அக்கா. "அக்கா, உன்னை விட்டால் எனக்கு யார்? நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன்" என்று தம்பி காலைப் பிடித்துக்கொண்டான். அவனுக்காக அக்கா இருந்தார்.

அப்படித் தன்னைக் கட்டிப்போட்ட அந்தத் தம்பி வளர்ந்ததும் என்ன செய்தார்? எதிர்முகாமில் போய்ச் சேர்ந்தார். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்று பட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்றைய திருப்பாதிரிப்புலியூர் அது. ஏதோ வில்லன் குகை என்று நினைத்துவிட வேண்டாம். 458இல் லோகவிபாகம் என்ற சமண நூல் எழுதப்பட்ட இடம். பல்கலைக்கழகம் என்றே சொல்லலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிடைத்திருக்கும் கதை, ஜெயித்த கட்சிக்காரர் சேக்கிழார் சுமார் ஐந்நூறு வருஷம் கழித்து எழுதியது. சமணர் பக்கத்துத் துண்டுப் பிரசுரம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. அதனால் இதில் அவர்களுக்கு வில்லன் வேஷம் கட்டியிருப்பதை ஒரு சிட்டிகை உப்போடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்கா திருவதிகைக்குக் குடிவந்தார். விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டுவார், சாணம் மெழுகுவார், பூக்கட்டுவார், நடுவில் தம்பியை மீட்டுக்கொடு என்று விண்ணப்பம் போடுவார். கனவில் பதில் வந்தது: கவலைப்படாதே, சூலை கொடுத்து ஆட்கொள்கிறேன். சிலந்தி கடித்துச் சக்தி பெற்றவர் உண்டு, காமாக் கதிர் பட்டுப் பச்சையாகிப் பெருத்தவர் உண்டு. வயிற்றுவலியால் ஹீரோவானவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

வலி என்றால் குடலை முறுக்கிப் பிழிகிற வலி. பள்ளியில் மந்திரம் சொன்னார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், குண்டிகைத் தண்ணீர் கொடுத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. தம்பி, மடத்துச் சமையல்காரரை அக்காவிடம் தூது அனுப்பினார். அக்கா அங்கே வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். தம்பிக்காக உயிரையே வைத்துக்கொண்டிருந்தவர். ஆனால் வலிக்கிறவன்தான் நடந்து வரவேண்டும்.

நடந்தார். சூப்பர்மேன் டெலிபோன் பூத்துக்குள் போய் மேல்சட்டையைக் கழற்றி உள்ளேயிருக்கும் வேஷத்தைக் காட்டுவார். தருமசேனர் பாயையும் பீலியையும் குண்டிகையையும் எறிந்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுந்தார். "எழுந்திரு தம்பி" என்று திருநீறு கொடுத்து, விடியுமுன் கூட்டப்போகும்போது கோயிலுக்குக் கூடவே கூட்டிப்போனார் அக்கா. தம்பி பாடினார். வலி போயிற்று. நாவுக்கரசு என்று வானத்திலிருந்து பெயரும் வந்தது.

ஆயுதம் என்ன? உழவாரம். தோருக்குச் சுத்தி, கேப்டன் அமெரிக்காவுக்குக் கேடயம், இவருக்குப் புல் செதுக்கும் கருவி. எண்பத்தொரு வயதுவரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தைச் செதுக்கினார் என்கிறது மரபு. கட்டுமஸ்தான உடம்பு, இறுக்கிப் பிடித்த உடுப்பு, முதுகில் பறக்கும் சால்வை எதுவும் கிடையாது.

ஹீரோ கட்சி மாறினால் சமணர் பக்கம் இருந்த ராஜா சும்மா இருப்பாரா? இவரிடம் உலகத்து வில்லன்களின் பொதுவான குறை ஒன்று இருந்தது. கையில் வாள் இருந்தும் அதை எடுக்கமாட்டார். எதையாவது புதுமையாகச் செய்துபார்க்க வேண்டும். முதலில் சுண்ணாம்புக் காளவாய்க்குள் போட்டு ஏழு நாள் அடைத்தார். திறந்துபார்த்தால் உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அடுத்து விஷம் கலந்த பால்சோறு. சாப்பிட்டுவிட்டு ஏதும் நடக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக யானை. அது நாவுக்கரசரை வலம் வந்து கும்பிட்டுவிட்டு, ஏவி விட்டவர்களைத் துரத்த ஆரம்பித்தது. கட்சி மாறுவது யானைக்கும் தொற்றிவிட்டது. கடைசியாகக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்தது. மிதந்து வந்து ஒதுங்கியது எங்கே? தருமசேனராக உட்கார்ந்திருந்த அதே திருப்பாதிரிப்புலியூரில். கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று கடலூரில் இன்றும் பெயர் இருக்கிறது.

இந்த ராஜாவின் பெயரைப் பெரியபுராணம் சொல்லவில்லை. பல்லவன், காடவன் என்று நிறுத்திக்கொள்கிறது. முதலாம் மகேந்திரவர்மன்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பிடித்தது பின்னால் வருகிற ஒரு கோயில் பெயரை வைத்து. ஆளைப் பார்த்தால் வில்லன் வேஷம் ஒட்டவே இல்லை. சித்திரகாரப்புலி, விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று ஒரு டஜன் பட்டப்பெயர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் கோயில் செய்துகாட்டுகிறேன் என்று மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, அதைக் கல்வெட்டில் பீற்றியும் கொண்டவர். மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு கேலி நாடகம் எழுதினார். குடிகாரக் காபாலிகனின் கபாலத்தை நாய் தூக்கிக்கொண்டு போய்விட, அவன் ஒரு பௌத்த பிக்குவைச் சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்கிற கதை. இப்படிப்பட்ட நகைச்சுவை எழுத்தாளரை யானையை ஏவுகிறவராக நினைக்கச் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தாளர்கள் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு நம்மிடம் போதிய சான்று இல்லை.

நான்கு முறை தோற்றபின் ராஜா என்ன செய்தார்? கட்சி மாறினார். பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தச் சாமான்களைத் திருவதிகைக்குக் கொண்டுவந்து குணபரவீச்சரம் என்று தன் பட்டப்பெயரிலேயே சிவனுக்கு ஒரு கோயில் கட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து லிங்கத்தின் பக்கம் திரும்பியதைத் திருச்சி மலைக் குகையில் வெட்டியும் வைத்தார். இடித்தது நல்ல காரியம் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகக் கட்சி மாறியவர்களின் வேகம் எப்போதும் பழைய தொண்டர்களைப் பயமுறுத்துவதாகவே இருக்கும். அவருக்கும் திருவதிகை முறைப்படி சம்பளம் கிடைத்தது. பதின்மூன்று நூற்றாண்டு கழித்து, 1944இல் கல்கி 'சிவகாமியின் சபதம்' தொடங்கியபோது மகேந்திரருக்கு மாறுவேஷத்தில் உளவு பார்க்கும் ஹீரோ வேஷமே கொடுத்துவிட்டார். பகலில் சக்கரவர்த்தி, வேஷம் போட்டால் வஜ்ரபாகு. பேட்மேனாக மாறும் புரூஸ் வேய்னைப் பார்த்து நம் வாரப் பத்திரிகை வாசகர்கள் ஆச்சரியப்படாததற்குக் காரணம் இருக்கிறது.

சுந்தரரின் கௌரவ வேஷத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாவுக்கரசர் உழவாரப் பணி செய்த மண்ணைக் காலால் மிதிக்கமாட்டேன் என்று அவர் திருவதிகைக்கு வெளியே சித்தவட மடத்தில் படுத்தார். ராத்திரி ஒரு கிழவர் வந்து பக்கத்தில் படுத்து, தலைமேல் காலைப் போட்டார். ஐயா, கால் படுகிறதே என்றால், வயசாகிவிட்டது, திசை தெரியவில்லை என்றார். இவர் வேறு பக்கம் மாறிப் படுத்தார். அங்கேயும் கால். மறுபடி மாறினார், மறுபடி கால். கடைசியில் "ஐயா, நீர் யார்?" என்று கோபமாகக் கேட்டால், "என்னை இன்னும் தெரியவில்லையா?" என்று ஆள் மறைந்துவிட்டார். முப்புரம் எரித்தவருக்கு ரகசிய அடையாளத்தைக் காப்பாற்றத் தெரியும். காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியவில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வருவோம். 1954இல் ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துக் குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். பயந்துபோன பதிப்பாளர்கள் அதே வருஷம் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் எழுதிக்கொண்டார்கள். அதன் சாரம்: நன்மை எப்போதும் ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும். ஆகவே பேட்மேனின் எதிரி ஜோக்கர் பிடிபடுவார், அடைக்கப்படுவார், அடுத்த இதழில் தப்பிப்பார். பல பத்து வருஷங்களாக இதுதான் நடக்கிறது. அந்த மனிதருக்கு ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுக்கலாம் என்று கோத்தம் நகரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் ஊருக்கு இந்தப் பாவப்பட்ட ஒழுங்கு சரிப்படவில்லை. அதற்குச் சாட்சி சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நடுவே 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடர் தமிழ் பேசத் தொடங்கியது அதில்தான். எங்கள் தலைமுறையின் பையன்கள் டவுசர் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தது இந்த இருவரைத்தான். இரண்டு பேரின் நடத்தைச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள்.

ஸ்பைடர் 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் அறிமுகமானபோது அவர் லட்சியம் உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாவது. கூரான காது, வலைத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார், எடுபிடிக்குப் பெட்டகம் உடைக்கும் ஆர்டினியும் விஞ்ஞானி பெல்ஹாமும். கொஞ்ச நாளில் கொள்ளையடிப்பது அலுத்துப்போய், மற்ற கொள்ளைக்காரர்களை அடிப்பதில் இன்னும் அதிக சுவாரசியம் இருப்பதைக் கண்டுகொண்டு நல்லவரானார். மனமாற்றத்துக்கு இவ்வளவு நேர்மையான காரணத்தை நம் அரசியல்வாதிகள்கூடச் சொன்னதில்லை.

அவர் கதைகளை முதலில் டெட் கோவனும், பிறகு ஜெர்ரி சீகல் என்பவரும் எழுதினார்கள். சீகல் யார் தெரியுமா? சூப்பர்மேனையே படைத்தவர். 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பாத்திரம் பிறகு எத்தனை கோடிகளைச் சம்பாதித்தது என்பது ஊர் அறிந்தது. வழக்குப் போட்டு ஓய்ந்த சீகல், கடல் கடந்து ஒரு பிரிட்டிஷ் இதழுக்கு வில்லன்-ஹீரோ கதை எழுதினார். அப்பழுக்கில்லாத வீரனைப் படைத்து ஏமாந்தவருக்கு, திருட்டுப் பயலை ஹீரோவாக்கும் கை பிறகு சரளமாக வந்ததில் எனக்கு வியப்பில்லை. சிவகாசி அச்சில் அவர் கதையைப் படித்த பையன்களில் எவருக்கும் சூப்பர்மேனின் தகப்பனாரைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது.

மாயாவியின் உண்மைப் பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட விபத்தில் கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். கை மட்டும் தெரியும். சக்தி கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம் ஊரைக் கொள்ளையடிக்கக் கிளம்பியது. பிறகுதான் நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்தார். அதாவது வில்லனுக்குச் சர்க்கார் உத்தியோகம். திருப்புன்கூர்ப் பதிகத்தின் அதே தீர்ப்பு. பேட்மேனும் தமிழ் பேசிப் பார்த்தார். மாயாவிக்குக் கிடைத்த பாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து நல்லவனாகவே இருக்கிறவனிடம் நமக்குப் பேச என்ன இருக்கிறது?

இந்த மாயாவி பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தது 1962 அக்டோபரில். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கியதும் அதே 1962இல்தான். ஆளை இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தால் திருவதிகையே அவர் பழைய கணக்கைத் தீர்த்து நெய்வேலியில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருக்கும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் மின்வெட்டு வந்தால் பாவம், அவர் வெறும் கிராண்டல். இங்கே அந்தக் கவலை இல்லை. ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போகிற வழியில் ஏதாவது கம்பியைத் தொட்டால் போதும்.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல்தான் வரும். இப்போதெல்லாம் வருகைப் பதிவுக்கு விரல்ரேகை கேட்கிறார்கள். ரேகை இருக்கிற கை மறைந்துவிடும். தெரிகிற கையில் ரேகை கிடையாது.